நெஞ்சின் காந்தத்தைக் கேட்டல்

நுழையும்முன்

கண்ணுக்கு எட்டாதவற்றைக் காண நுண்ணோக்கியும் தொலைநோக்கியும் பிறந்தன. செவிக்கு எட்டாத இதய ஒலியைக் கேட்க மருத்துவரின் துடிப்பறி குழல் பிறந்தது. காந்தத்தை உணர மனிதனுக்குப் புலனே இல்லை. ஆயினும், ஒவ்வொரு துடிப்பிலும் நம் இதயம் மிக மெல்லிய காந்தப்புலத்தை உடலுக்கு வெளியே பரப்புகிறது. அதனை அறிவதற்கு மனிதன் உருவாக்கிய கருவிகளையும், அவற்றுள் ஒன்றாகிய காந்தமின் உணரியையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

மலைக்கோட்டையில் ஒரு காந்தமுள்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று பார்த்தால், வடக்கே காவிரியும் அதற்கப்பால் கொள்ளிடமும் தெரியும். அவ்விரு நீர்களுக்கும் இடையே திருவரங்கமும் திருவானைக்காவும் ஒரு தீவாக விளங்குகின்றன. அங்கே நின்று, உள்ளங்கையில் ஒரு காந்த ஊசிப்பெட்டியை வைத்துப் பாருங்கள். சற்றே தள்ளாடிய முள், வடக்கு நோக்கி அமைதியாக நிற்கும். அம்முள்ளைத் திருப்பியது புவிக்காந்தப்புலம். தமிழ்நாட்டில் அதன் வலிமை ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. ஒரு டெஸ்லாவில் 10 இலட்சத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோடெஸ்லா ஆகும்.

மேலும் கீழும் அசையுமாறு பொருத்தப்பட்ட மற்றொரு காந்தமுள்ளை அதே இடத்தில் வைத்தால், அது சில பாகைகள் மட்டுமே சாய்ந்து, ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். டெல்லியில் அதே முள் 40 பாகைக்கும் மேல் நிலத்தை நோக்கிச் சாயும். காந்த நிலநடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனைப் பகுதியின் வழியே செல்வதே இதற்குக் காரணம். அக்கோட்டின் மேலே, ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் கிழக்கு நோக்கி ஒரு பெரும் மின்னோட்டம் பாய்கிறது. 'நிலநடுக்கோட்டு மின்தாரை' என்று அறியப்படும் அதனால், நண்பகலில் தரையிலுள்ள காந்தப்புலம் பல பத்து நானோடெஸ்லா அளவுக்கு மாறும். இம்மாற்றத்தை இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் உள்ள தன் ஆய்வு மையத்தில் இடைவிடாது பதிவு செய்கிறது. நாம் அன்றாடம் நடமாடும் தெருவின் மேல், நமக்குத் தெரியாமலே காந்தம் பெருகுவதும் வற்றுவதுமாக இருக்கிறது.

காந்த ஊசிப்பெட்டி இம்மாற்றத்தைக் காட்டாது. அதன் முள்ளுக்கு இது மிகச் சிறிய தூண்டல். ஆனால், நம் நெஞ்சுக்கு வெளியே நிலவும் காந்தப்புலமோ இதைவிடவும் பன்மடங்கு சிறியது.

தெரிந்து தெளிவோம்: காந்தப்புல அளவுகள்

மைக்ரோ – 10 இலட்சத்தில் ஒரு பங்கு
நானோ – 100 கோடியில் ஒரு பங்கு
பிக்கோ – ஒரு இலட்சம் கோடியில் ஒரு பங்கு

மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. கருவி – பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா
தமிழ்நாட்டில் புவிக்காந்தப்புலம் – ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா
கோள்களுக்கு இடையேயான வெளி – சில நானோடெஸ்லா
மார்புக்கு அருகே இதயத்தின் புலம் – 100 பிக்கோடெஸ்லாவுக்குள்
தலைக்கு அருகே மூளையின் புலம் – ஏறத்தாழ 0.1 முதல் 1 பிக்கோடெஸ்லா வரை

'இம்மியளவும் பிசகாமல்' என்கிறோம். இம்மி என்பது பழந்தமிழ்க் கணக்கில் வழங்கிய மிகச் சிறிய பின்னங்களுள் ஒன்று. இதயத்தின் புலம், புவியின் புலத்தில் ஏறத்தாழ 4 இலட்சத்தில் ஒரு பங்கு. மூளையின் புலமோ 40 கோடியில் ஒரு பங்கு அளவுக்கும் குறையக்கூடும்.

ஏன் கேட்க வேண்டும்?

மின்னோட்டம் பாயும் இடத்திலெல்லாம் காந்தப்புலம் பிறக்கும் என்பதை இயற்பியலில் கற்கிறோம். இதயத்தசை சுருங்குவதற்கு முன் அதனுள் மின்னோட்டம் பரவுகிறது. அவ்வோட்டம் தோலில் ஏற்படுத்தும் மின்னழுத்த வேறுபாட்டை அளப்பதே நாம் அறிந்த இ.சி.ஜி. எனில், அதன் காந்தத்தையும் ஏன் அளக்க வேண்டும் என்னும் வினா எழுகிறது.

இ.சி.ஜி. எடுப்பதற்கு மின்வாய்களைத் தோலில் ஒட்ட வேண்டும். இதயத்திலிருந்து தோலை அடைவதற்குள் தசை, நுரையீரல், எலும்பு, கொழுப்பு ஆகிய வெவ்வேறு கடத்துதிறன் கொண்ட பகுதிகளை மின்னோட்டம் கடக்கிறது. அதனால் அதன் வடிவம் சிதைகிறது. காந்தப்புலத்திற்கு இத்தடைகள் பெரிதல்ல. உடல் அதற்கு ஏறக்குறையத் திறந்த வெளி போன்றது. கருவியை உடலில் தொடாமலே அதனைப் பதிவு செய்யலாம்.

இவ்வேறுபாடு ஓரிடத்தில் உயிர்காக்கும் வேறுபாடாகிறது. தாயின் கருவறையில் வளரும் குழந்தையின் தோல்மேல், கருவுற்ற ஏழாம் மாத அளவில், வெண்ணெய் போன்ற ஒரு பூச்சு படிந்திருக்கும். குழந்தையின் மென்தோலைக் காக்கும் அப்பூச்சு மின்னோட்டத்தையும் தடுக்கிறது. எனவே, குழந்தையின் இதயத்துடிப்பு சீராக உள்ளதா என்பதை மின்முறையில் அறிய முனையும்போது, மிகவும் தேவைப்படும் அக்காலத்திலேயே அதன் குரல் மங்கிவிடுகிறது. காந்தப்புலம் அப்பூச்சையும் கடந்து வெளிவருகிறது. ஆனால், தாயின் வயிற்றுக்கு வெளியே அதன் அளவு சில பிக்கோடெஸ்லா மட்டுமே.

மூளையின் காந்தத்திற்கும் இத்தகைய பயன் உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயில், மூளையின் எப்பகுதியிலிருந்து வலிப்பு தொடங்குகிறது என்பதை அறுவைக்கு முன் அறிய மூளைக்காந்தப் பதிவு துணைபுரிகிறது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இவ்வசதி உள்ளது.

நூலிழையில் தொங்கிய படிகம்

மிகச் சிறிய காந்த விளைவுகளை அளக்கும் கலை தமிழ் மண்ணில் பிறந்தோர்க்குப் புதியதன்று. மலைக்கோட்டையிலிருந்து கண்ணுக்கெட்டும் அத்திருவானைக்காவில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்தவர் சர் சி.வி. இராமன். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற அவரை நாம் அறிவோம். அந்த ஆய்வில் அவருக்குத் துணைநின்றவர், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். இவ்விருவரும் 1927இல், காந்தப்புலத்தில் வைத்த நீர்மங்கள் ஒளியை இருவேறாகப் பிரிக்கும் நுண்விளைவையும் ஆராய்ந்தனர்.

பின்னர் டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, கிருஷ்ணன் படிகங்களின் காந்தப் பண்பை ஆராய்ந்தார். ஒரு படிகம் ஒரு திசையில் கொள்ளும் காந்தத்தன்மையும் மற்றொரு திசையில் கொள்வதும் சிறிதளவே வேறுபடும். அச்சிறு வேறுபாட்டை அளக்க, நுண்ணிய குவார்ட்சு இழையில் படிகத்தைத் தொங்கவிட்டுச் சீரான காந்தப்புலத்தில் வைத்தார். இழையின் மேல்முனையை மெல்ல மெல்ல முறுக்கினார். காந்தம் படிகத்தை ஒரு நிலையில் பிடித்து வைத்திருக்கும். முறுக்கு ஓர் எல்லையைக் கடந்ததும் படிகம் சட்டெனத் திரும்பிவிடும். அந்த எல்லைக்கோணத்திலிருந்து படிகத்தின் காந்த வேறுபாட்டை அவர் கணக்கிட்டார்.

இம்முறையில் நாம் கற்க வேண்டிய அடிப்படை ஒன்று உண்டு. கிருஷ்ணன் காந்தத்தை நேராக அளக்கவில்லை. காந்தத்தை முறுக்கலாக மாற்றினார், முறுக்கலைக் கோணமாக மாற்றினார், கோணத்தை அளந்தார். உணர முடியாத ஒன்றை, உணரத்தக்க மற்றொன்றாக மாற்றுவதே எல்லா உணரிகளின் உயிர்நிலை.

இருபது இலட்சம் சுற்றுகளும் கடுங்குளிரும்

இதயத்தின் காந்தப்புலத்தை முதன்முதலில் பதிவு செய்தவர்கள் அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரைச் சேர்ந்த ஜெர்ஹார்டு பாலே, ரிச்சர்டு மெக்ஃபீ ஆகிய இருவர். ஆண்டு 1963. ஒவ்வொன்றும் 20 இலட்சம் சுற்றுகள் கொண்ட இரண்டு கம்பிச்சுருள்களை அவர்கள் பயன்படுத்தினர். இரண்டையும் எதிரெதிராக இணைத்திருந்தனர். தொலைவிலிருந்து வரும் காந்த இரைச்சல் இரு சுருள்களிலும் ஒரே அளவில் விழுந்து ஒன்றையொன்று நீக்கிவிடும். அருகிலுள்ள நெஞ்சின் புலம் ஒரு சுருளில் மிகுதியாகவும் மற்றதில் குறைவாகவும் விழுவதால் எஞ்சி நிற்கும். சுருங்கக் கூறின், கழித்தலால் கண்ட முடிவு அது. ஆயினும் பதிவு தெளிவாக இல்லை.

அடுத்த ஆண்டே வேறொரு வழி திறந்தது. சில உலோகங்களை மிகவும் குளிர்வித்தால் அவற்றின் மின்தடை முற்றிலும் மறைந்துபோகும். இதனை மீக்கடத்தல் என்பர். மீக்கடத்திகளைக் கொண்டு 1964இல் அமைக்கப்பட்ட 'ஸ்குவிட்' என்னும் கருவி, காந்தப்புலத்தின் மிக நுண்ணிய மாற்றத்தையும் மின்னழுத்த மாற்றமாகக் காட்டியது. டேவிட் கோயன், ஜேம்சு சிம்மர்மேன் முதலியோர் 1969ஆம் ஆண்டின் இறுதியில் அக்கருவியைக் கொண்டு, காந்தக் காப்பிட்ட அறைக்குள் இதயத்தின் புலத்தைத் தெளிவாகப் பதிவு செய்தனர்.

தமிழ்நாட்டிலும் இத்தொழில்நுட்பம் வேரூன்றியுள்ளது. கல்பாக்கத்திலுள்ள இந்திராகாந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் நியோபியம் மென்படலங்களால் ஸ்குவிட் உணரிகள் உருவாக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு இதயக்காந்தப் பதிவுக்கும் மூளைக்காந்தப் பதிவுக்கும் உரிய அமைப்புகளும், அவற்றை வைப்பதற்கான காந்தக் காப்பறையும் அங்கே நிறுவப்பட்டுள்ளன.

எனினும், ஸ்குவிட் ஒரு விலையைக் கேட்கிறது. நியோபியம் கருவி இயங்க, கழித்தல் 269 பாகை செல்சியசில் இருக்கும் நீர்ம ஹீலியம் தேவை. இந்தியா தனக்கு வேண்டிய ஹீலியத்தைப் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே பெறுகிறது. அதனைச் சேமித்து வைக்கவும் கையாளவும் தனிக் கலன்களும் பயிற்சி பெற்றோரும் வேண்டும். பெருநகர ஆய்வு மையத்தால் இயல்வது, துறையூரிலோ மணப்பாறையிலோ உள்ள அரசு மருத்துவமனையால் இயலுமா? வயல்வேலையிலிருந்து நேரே பரிசோதனைக்கு வரும் கருவுற்ற தாய்க்கு இவ்வறிவியல் எட்டுமா? இவ்வினாவே, கடுங்குளிர் வேண்டாத உணரியைத் தேடுமாறு அறிஞரைத் தூண்டியது.

மின்மாற்றியும் அடுப்பு லைட்டரும்

காந்தமின் உணரி அத்தேடலில் கிடைத்த ஒன்று. அதன் செயல்முறையை விளங்கிக்கொள்ள, நாம் நன்கறிந்த இரண்டு பொருள்களை நினைத்துக்கொள்வோம்.

முதலாவது, தெருமுனையில் நிற்கும் மின்மாற்றி. அதன் அருகே சென்றால் 'உம்' என்ற இடைவிடாத ஓசை கேட்கும். மின்மாற்றியின் உள்ளேயுள்ள இரும்புத் தகடுகள் மாறுகின்ற காந்தப்புலத்தில் நுண்ணளவு நீண்டும் சுருங்கியும் அதிர்வதே அவ்வோசைக்கு முதன்மைக் காரணம். காந்தப்புலத்தால் பொருளின் நீளம் மாறும் இப்பண்பைக் 'காந்தத் திரிபு' எனலாம். இதனை 1842இல் கண்டறிந்தவர் ஜேம்சு ஜூல். ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புக் கம்பியில் இம்மாற்றம் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு என்ற அளவிலேயே இருக்கும்.

இரண்டாவது, சமையலறையில் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டர். அதன் பொத்தானை அழுத்தினால் 'டக்' என்ற ஒலியுடன் தீப்பொறி எழும். அதனுள் மின்கலம் இல்லை. உள்ளேயிருக்கும் பீங்கான் போன்ற துண்டின்மீது ஒரு சிறு சுத்தி மோதுகிறது. மோதலின் அழுத்தம் மின்னழுத்தமாகிறது. இது 'அழுத்தமின் விளைவு'. இதனை 1880இல் கண்டறிந்தவர்கள் கியூரி உடன்பிறந்தோர் இருவர்.

இனி, காந்தத்தால் நீளும் ஒரு மெல்லிய தகட்டையும், அழுத்தத்தால் மின்னழுத்தம் தரும் ஒரு மெல்லிய தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக ஒட்டுவோம். காந்தப்புலம் மாறினால் முதல் தகடு நீளும். அது தன்னோடு ஒட்டிய இரண்டாம் தகட்டையும் இழுக்கும். இழுபட்ட தகடு மின்னழுத்தத்தைத் தரும். காந்தம் நீட்சியாயிற்று, நீட்சி மின்னாயிற்று. இதுவே காந்தமின் உணரி. கிருஷ்ணனின் இழையில் முறுக்கு ஆற்றிய தூதுப்பணியை இங்கே நீட்சி ஆற்றுகிறது.

இங்கே வியப்புக்குரிய செய்தி ஒன்று உள்ளது. முதல் தகட்டைத் தனியே காந்தப்புலத்தில் வைத்தால் இத்தகைய மின்னழுத்தம் பிறப்பதில்லை. இரண்டாம் தகட்டுக்குக் காந்தம் இருப்பதே தெரியாது. இருவருக்கும் தனித்தனியே இல்லாத பண்பு, இணைந்தபின் பிறக்கிறது. அன்மொழித்தொகையை இலக்கணத்தில் கற்றிருக்கிறோம். 'பொற்றொடி வந்தாள்' என்னும்போது, வந்தது பொன்னும் அன்று, தொடியும் அன்று. அச்சொற்களுக்கு வெளியே நிற்கும் பெண்ணே வந்தாள். அதுபோலவே, இவ்வுணரியின் பண்பும் அதனை ஆக்கிய பொருள்களுக்கு வெளியே நிற்கிறது.

காந்தத்திற்கும் மின்னுக்கும் இடையே ஒரே பொருளுக்குள் இத்தகைய உறவு இருக்கக்கூடும் என்று 1894லேயே கருதியவர் பியர் கியூரி. குரோமியம் ஆக்சைடில் அவ்வுறவு உண்டு என்பது 1960இல் சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஆய்வால் உறுதியாயிற்று. ஆனால் அவ்விளைவு மிகவும் சிறியதாக இருந்தது. இரு பொருள்களை இணைக்கும் எண்ணம் 1970களில் நெதர்லாந்தின் பிலிப்சு ஆய்வகத்தில் செயல்வடிவம் பெற்றது. தகடுகளை அடுக்கி ஒட்டும் எளிய முறை 2001ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவியபின், இத்துறை விரைந்து வளர்ந்தது.

தெரிந்து தெளிவோம்: ஒரு பெயரின் புணர்ச்சி

காந்தத்தால் மிகுதியாக நீளும் உலோகக் கலவைகளுள் ஒன்று 'டெர்ஃபெனால்–டி'. டெர்பியத்தின் 'டெர்', இரும்பின் குறியீடான 'ஃபெ', கலவை உருவான அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் முதலெழுத்துகளால் ஆன 'நால்', டிஸ்புரோசியத்தின் 'டி' ஆகியவை சேர்ந்து இப்பெயர் உருவாயிற்று.

மிகுதியாக நீள்வதா, விரைந்து இசைவதா?

டெர்ஃபெனால்–டி மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கும் மேலாக நீளக்கூடியது. எனவே அதுவே சிறந்த உணரியைத் தரும் என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. அவ்வளவு நீள்வதற்கு அதற்கு வலிமையான காந்தப்புலம் வேண்டும். சிறு தூண்டலுக்கு அது அசைந்து கொடுப்பதில்லை.

இரும்பு, போரான், சிலிக்கான் முதலியவற்றை உருக்கி, நொடிக்குப் பத்து இலட்சம் பாகை என்னும் அளவுக்கு விரைவாகக் குளிர்வித்தால், அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரமின்றி உறைந்துவிடும். அவ்வாறு கிடைக்கும் 'உலோகக் கண்ணாடி' நாடா, தலைமுடியைவிட மெல்லியது. அது டெர்ஃபெனாலைப் போல் பெரிதாக நீளாது. ஆனால், மிகச் சிறிய காந்த மாற்றத்திற்கும் உடனே இசைந்து நீளும். மெல்லிய புலங்களைத் தேடும் உணரிகளில் இந்நாடாவே விரும்பப்படுகிறது. உணரிக்கு வேண்டியது பேராற்றலைக் காட்டும் திறம் அன்று. சிறு குரலுக்கும் செவிசாய்க்கும் இயல்பே.

அந்நாடாவும் எல்லா நிலையிலும் ஒரே அளவாக இசைவதில்லை. ஒரு சிறு நிலைக்காந்தத்தை அருகில் வைத்து, அது மிகவும் இசையும் நிலைக்கு அதனைக் கொண்டுவர வேண்டும். மேலும், ஊஞ்சலை அதன் இயல்பான ஆட்டத்திற்கேற்ப உந்தினால் சிறு உந்தலும் பெரிய ஆட்டமாகும் அல்லவா? அதுபோல, உணரியின் இயல்பதிர்வோடு காந்தப்புலத்தின் அதிர்வு ஒத்திருந்தால் கிடைக்கும் மின்னழுத்தம் பன்மடங்காகும். இது ஒத்ததிர்வு.

இங்கேதான் இடர் தொடங்குகிறது. இச்சிறு தகடுகளின் இயல்பதிர்வு பெரும்பாலும் நொடிக்குப் பல நூறு முதல் பல ஆயிரம் வரை இருக்கும். இதயமோ நொடிக்கு ஓரிரு முறையே துடிக்கிறது. திருச்சி வானொலி நிலையம் 1939 முதல் கையாளும் வழியே இதற்கும் துணையாகிறது. பாடகரின் குரல் நேராக வானில் நெடுந்தொலைவு செல்லாது. அதனை விரைந்து அதிரும் ஊர்தி அலையின்மீது ஏற்றி அனுப்புகின்றனர். அவ்வாறே, விரைந்து அதிரும் ஒரு காந்தப்புலத்தை உணரிக்கு அருகில் உண்டாக்கி, இதயத்தின் மெதுவான மாற்றத்தை அதன்மீது ஏற்றி, ஒத்ததிர்வு நிலைக்குக் கொண்டு செல்கின்றனர்.

இரைச்சலினிடையே ஒரு குரல்

வைகுண்ட ஏகாதசி நாளில் திருவரங்கத்தில் மக்கள் கடலெனத் திரள்வர். அக்கூட்டத்தில் தாயைப் பிரிந்த குழந்தை ஒன்று அழுதால், அக்குரலின் வலிமையை மட்டும் கூட்டிப் பயனில்லை. ஒலிபெருக்கி அழுகையோடு ஆரவாரத்தையும் பெருக்கிவிடும். மெல்லிய காந்தத்தை அளப்போர்க்கும் இதே இடர் உண்டு. மின்கம்பிகள், செல்லும் தொடர்வண்டி, நகரும் ஊர்தி, உயர்ந்திறங்கும் மின்தூக்கி ஆகிய அனைத்தும் காந்த இரைச்சலை எழுப்புகின்றன. அதனைக் கடக்க மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, விலக்குதல். காந்தப்புலத்தைச் சுவர் கட்டி நிறுத்த முடியாது, வழிமாற்றி விடலாம். முக்கொம்பில் காவிரியின் பெருவெள்ளம் கொள்ளிடத்திற்குத் திருப்பிவிடப்படுகிறது. அதுபோல, நிக்கல்–இரும்புக் கலவையால் ஆன சுவர்கள் வெளிக்காந்தத்தைத் தம்முள் ஈர்த்து, அறையைச் சுற்றிக் கடத்திவிடுகின்றன. ஒரு சுவர் போதாது. திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளுள் சித்திரை வீதியின் சந்தடி, ஒவ்வொரு சுற்றாக உள்ளே செல்லச் செல்ல அடங்குவதைப் போல, அடுக்கடுக்கான சுவர்களுக்குள் இரைச்சல் படிப்படியாகக் குறைகிறது.

இரண்டாம் வழி, கழித்தல். பாலேயும் மெக்ஃபீயும் காட்டிய வழி அது. நெஞ்சருகே ஓர் உணரியும் சற்றுத் தள்ளி மற்றோர் உணரியும் வைத்து, இரண்டின் வேறுபாட்டை மட்டும் கொள்ள வேண்டும்.

மூன்றாம் வழி, கூட்டுதல். இதயம் மீண்டும் மீண்டும் ஒரே வடிவில் துடிக்கிறது. இரைச்சலுக்கு அத்தகைய ஒழுங்கு இல்லை. நூறு துடிப்புகளின் பதிவுகளைத் தொடக்கம் ஒத்துப்போகுமாறு ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால், இதயத்தின் குரல் நூறு மடங்காகும். ஒழுங்கற்ற இரைச்சலோ பத்து மடங்கே ஆகும். சேர்ந்து பாடுவோரின் குரல் ஓங்கும்; ஆளுக்கொன்றாகப் பேசுவோரின் சொற்கள் ஒன்றையொன்று கரைத்துக்கொள்ளும்.

விண்ணிலும் எஃகிலும்

மெல்லிய காந்தத்தை அளக்கும் தேவை மருத்துவத்தோடு நிற்பதில்லை. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் இந்தியா ஏவிய ஆதித்யா–எல்1 விண்கலம், புவியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று கதிரவனை ஆராய்கிறது. அக்கலம் ஏவப்பட்டபோது இத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. அக்கலத்தில் 6 மீட்டர் நீளமுள்ள ஒரு கை உள்ளது. அதன் நுனியில் ஒரு காந்தமானியும், 3 மீட்டர் தொலைவில் மற்றொன்றும் பொருத்தப்பட்டுள்ளன. விண்கலத்தின் மின்சுற்றுகளே காந்த இரைச்சலை எழுப்புவதால், அதிலிருந்து தள்ளி நிற்கவும், இரண்டு அளவுகளை ஒப்பிட்டுக் கலத்தின் காந்தத்தைப் பிரித்தறியவும் இவ்வமைப்பு உதவுகிறது. இவை காந்தமின் உணரிகள் அல்ல, வேறு வகையின. எனினும், விலகி நிற்றலும் கழித்தலும் விண்ணிலும் பயன்படுகின்றன.

எஃகுப் பொருளைக் காந்தமாக்கினால், விரிசல் உள்ள இடத்தில் காந்தப்புலம் வெளியே கசியும். அக்கசிவை அளந்து, பொருளை உடைக்காமலே அதன் குறையை அறியலாம். கொதிகலன் தொழிற்சாலையும் பொன்மலைத் தொடர்வண்டிப் பணிமனையும் அமைந்த திருச்சிராப்பள்ளியில், எஃகில் மறைந்துள்ள ஒரு விரிசலின் பொருள் என்ன என்பதைத் தொழிலாளர் குடும்பங்கள் நன்கறியும்.

எஞ்சியிருக்கும் பணி

காந்தமின் உணரிகள் அறை வெப்பநிலையில் இயங்குகின்றன. அவற்றுக்கு நீர்ம ஹீலியம் வேண்டா. ஆய்வகங்களில் அவை பிக்கோடெஸ்லா அளவிலான புலங்களை உணர்ந்துள்ளன. ஆயினும், அவை ஸ்குவிட்டின் இடத்தை இன்னும் பிடித்துவிடவில்லை. மெதுவாக மாறும் புலங்களை அளக்கும்போது அவற்றின் சொந்த இரைச்சலே மிகுகிறது. நீட்சியால் இயங்குவதால், அருகில் ஒருவர் நடந்தால் எழும் அதிர்வையும் அவை காந்தமெனக் கருதிவிடுகின்றன. அழுத்தமின் தகடுகள் பலவற்றில் ஈயம் கலந்திருப்பதும் ஒரு குறை. இவற்றைக் களைவதே இன்றைய ஆய்வாளர்முன் உள்ள பணி.

அப்பணி முடிவுறும் நாளில், காந்தக் காப்பறையும் கடுங்குளிர்க் கலனும் இல்லாத சிற்றூர் மருத்துவமனையிலும், ஒரு தாயின் வயிற்றருகே சிறு பலகை ஒன்றை வைத்துப் பிறவாத குழந்தையின் இதயத்தைக் கேட்க இயலும். திருவானைக்காவில் பிறந்தவரும் வத்திராயிருப்பில் பிறந்தவரும் தம் காலத்துக் கருவிகளைக் கொண்டு சிறியவற்றை அளந்தார்கள். இழை மாறலாம், தகடு மாறலாம். பொறுமையாகக் கேட்கும் பழக்கம் மாறுவதில்லை. தெருமுனை மின்மாற்றியின் ஓசையை அடுத்த முறை கேட்கும்போது, சற்றே நின்று கேளுங்கள்.

கலைச்சொல் அறிவோம்

காந்தமின் விளைவு – மேக்னெட்டோ எலக்ட்ரிக் எஃபெக்ட்
காந்தத் திரிபு – மேக்னெட்டோஸ்ட்ரிக்ஷன்
அழுத்தமின் விளைவு – பீசோ எலக்ட்ரிக் எஃபெக்ட்
மீக்கடத்தி – சூப்பர் கண்டக்டர்
ஒத்ததிர்வு – ரெசோனன்ஸ்
உணரி – சென்சார்

கற்பவை கற்றபின்

1. மின்மாற்றியின் ஓசை, அடுப்பு லைட்டரின் தீப்பொறி போன்று, ஓர் ஆற்றல் மற்றோர் ஆற்றலாக மாறும் ஐந்து நிகழ்வுகளை உங்கள் வீட்டிலும் தெருவிலும் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக. மின்மாற்றி வேலியைத் தொடாமல், தொலைவில் நின்றே உற்றுநோக்குக.
2. 'என் ஊர் மருத்துவமனைக்கு வர வேண்டிய கருவி' என்னும் தலைப்பில் வகுப்பில் இரண்டு நிமிடம் உரையாற்றுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. உலோகக் கண்ணாடி நாடா மெல்லிய புலங்களை உணர ஏற்றதாவதற்குக் காரணம்
அ) மிகுதியாக நீள்வது ஆ) சிறு தூண்டலுக்கும் இசைவது இ) மின்தடை அற்றது ஈ) எடை மிக்கது

இலக்கணக் குறிப்பு தருக
கேட்டல், கடுங்குளிர், பொற்றொடி வந்தாள்

பகுபத உறுப்பிலக்கணம் தருக
அளந்தார், முறுக்கினார்

குறுவினா
1. கருவிலுள்ள குழந்தையின் இதயத்தை மின்முறையில் அறிவதில் ஏற்படும் தடை யாது?
2. ஸ்குவிட் கருவி சிற்றூர்களை எட்டாமைக்குக் காரணம் என்ன?

சிறுவினா
1. காந்தமின் உணரியின் பண்பை அன்மொழித்தொகையோடு ஒப்பிட்டு விளக்குக.
2. கே.எஸ். கிருஷ்ணன் படிகங்களின் காந்தப் பண்பை அளந்த முறையை எழுதுக.

நெடுவினா
இரைச்சலினிடையே மெல்லிய காந்தப்புலத்தை அறியும் மூன்று வழிகளைப் பாடப்பகுதி கொண்டு விளக்கி, அவை உம் அன்றாட வாழ்வில் பயன்படும் இடங்களைக் கட்டுரைக்க.